ஒரே ஒரு எண்ணை நம்பிக் கேபிள் வாங்காதீர்கள்

இந்தியா–இலங்கை டிசி மின் இணைப்புக்கான விவரக்குறிப்பை எழுதவிருக்கும் இரு நாட்டுப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இரண்டு அரசுகளும் உயரழுத்த டிசி இணைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. செய்தியைப் படித்த அன்று இரவே என் பழைய ஆய்வக நோட்டுகளைத் தேடி எடுத்தேன். கேபிளின் கடத்தியைச் சுற்றி மின்காப்பாகப் பயன்படும் எக்ஸ்எல்பிஇ, அதாவது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கப்பட்ட பாலிஎத்திலீன், அதன் மின்கடத்துத்திறனைப் பல வருடங்கள் அளந்து எழுதிய நோட்டுகள் அவை. அவற்றைப் புரட்டியபோது உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மதுரைப் பக்கத்தையும் அனுராதபுரத்தையும் இணைப்பதாகத்தான் நெடுங்காலமாகப் பேச்சு. நடுவில் கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. அதைக் கோபுரங்கள் நட்டுக் கடப்பதா, கடலுக்கடியில் கேபிள் இடுவதா என்பது உங்கள் முடிவு. கேபிள்தான் என்றாகிவிட்டால், டெண்டர் ஆவணத்தில் ஒரு பக்கம் காப்பின் மின்கடத்துத்திறனைப் பற்றி இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். அது எந்த நிலைமையில் அளக்கப்பட்டது, எவ்வளவு நேரம் அளக்கப்பட்டது, வெப்பம் கூடக்கூட எப்படி மாறியது என்ற முழு வரலாற்றையும் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்பது இதைத்தான்.

நீங்கள் அறிந்த அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதை வேறு பலரும் படிப்பார்கள். ஏசி கேபிளின் காப்புக்குள் மின்புலம் எப்படிப் பரவும் என்பதை அந்தப் பொருளின் விடுதிறன், அதாவது மின்புலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் குணம், தீர்மானிக்கிறது. எக்ஸ்எல்பிஇக்கு ஒப்புமை விடுதிறன் சுமார் 2.3. குளிரிலும் சூட்டிலும் பெரிதாக மாறாது. அதனால் ஏசி கேபிளை வடிவமைக்கிறவர் நிம்மதியாக இருக்கலாம்: கடத்தியை ஒட்டிய இடத்தில்தான் புலம் அதிகம், வெளியே போகப்போகக் குறையும், எப்போதும் அப்படித்தான்.

டிசியில் மின்னழுத்தம் நிலையாக நிற்கும்போது மின்கடத்துத்திறன்தான் புலத்தைப் பங்கிடுகிறது. எங்கே தடை அதிகமோ அங்கேதான் வோல்டேஜ் விழும். இந்த மின்கடத்துத்திறனோ வெப்பநிலையோடு அடுக்கடுக்காக ஏறும் குணமுடையது. மின்னோட்டம் ஓடும்போது கடத்தி சூடாகிறது, அதை ஒட்டிய காப்பும் சூடாகிறது, அங்கே கடத்துத்திறன் கூடுகிறது. வெளி ஓரம் குளிர்ந்திருக்கிறது, அங்கே தடை அதிகம். ஆகவே புலம் உள்ளேயிருந்து கிளம்பி வெளி ஓரத்தில் போய்க் குவிகிறது. காலையில் லோடு இல்லாதபோது உள் ஓரம் தாங்கிய சுமையை, லோடு ஏறியபின் வெளி ஓரம் தாங்குகிறது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 320 கிலோவோல்ட் கேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காப்பின் உள் ஆரம் 25 மி.மீ, வெளி ஆரம் 45 மி.மீ. இவை நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட அளவுகள். வெப்பம் ஏறாத நிலையில் உள் ஓரத்தில் மி.மீட்டருக்கு 21.8 கிலோவோல்ட், வெளி ஓரத்தில் 12.1. இப்போது லோடு ஏற்றுகிறோம், காப்பின் உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் வருகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மின்கடத்துத்திறன் 2.7 மடங்கு ஏறும் பொருள் என்றால், நிலைபெற்றபின் உள் ஓரத்தில் 9.4, வெளி ஓரத்தில் 23.3. தலைகீழாகிவிட்டது. அதே கேபிள், அதே லோடு, ஆனால் 10 டிகிரிக்கு 1.65 மடங்குதான் ஏறும் பொருள் என்றால்? உள்ளே 14.6, வெளியே 17.2. ஏறக்குறைய சமமாகப் பரவிவிடுகிறது. 10 டிகிரிக்கு 3.7 மடங்கு ஏறும் பொருள் என்றால் வெளி ஓரம் 27.6-ஐத் தொடுகிறது.

புலம் கூடினாலும் கடத்துத்திறன் கொஞ்சம் கூடும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் உச்சங்கள் ஓரளவு மழுங்கும். ஆனாலும் கவனித்துப் பாருங்கள்: இந்தக் கணக்கில் மின்கடத்துத்திறன் எவ்வளவு என்ற எண் வரவே இல்லை. வெப்பத்தோடு அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்ற சரிவு மட்டும்தான் வந்தது. பொருள் விவரத் தாள்களில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருப்பதோ அந்த எண்தான். சரிவைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, பல தாள்களில் அது இருப்பதே இல்லை.

அப்படியானால் அந்த எண் தேவையே இல்லையா என்றால், தேவைதான், வேறு இரண்டு காரணங்களுக்காக. முதல் காரணம் நேரம். லோடு மாறியதும் புலம் உடனே இடம் மாறாது. விடுதிறனை மின்கடத்துத்திறனால் வகுத்தால் வரும் நேரம்தான் அதன் வேகத்தைச் சொல்கிறது. மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 10-இன் அடுக்கு மைனஸ் 15 சீமென்ஸ் என்றால் அது சுமார் ஐந்தரை மணி நேரம். மைனஸ் 16 என்றால் இரண்டு நாளுக்கும் மேல். மைனஸ் 14 என்றால் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் ஏறி இறங்கும் ஒரு இணைப்பில், கேபிளின் குளிர்ந்த பகுதி காலை லோடுக்குப் பழகி முடிப்பதற்குள் சாயங்கால லோடு வந்துவிடும். நிலைபெற்ற புலத்தை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கும் அறிக்கை, அந்தக் கேபிள் தன் வாழ்நாளில் ஒரு நாளும் காணப்போகாத ஒரு நிலையைக் கணக்கிட்டதாக ஆகிவிடலாம்.

இரண்டாவது காரணம் சூடு. காப்பின் வழியே கசியும் மின்னோட்டமும் வெப்பம் தரும். மேலே சொன்ன கேபிளில் மின்கடத்துத்திறன் 10-இன் அடுக்கு மைனஸ் 13 என்றால் மீட்டருக்கு 0.1 வாட், கண்டுகொள்ள வேண்டியதில்லை. மைனஸ் 12 என்றால் 1 வாட். மைனஸ் 11 என்றால் 11 வாட். கடத்தியே மீட்டருக்குச் சில பத்து வாட்தான் வெளியிடும் இடத்தில் இது சாதாரணம் இல்லை. சூடு ஏறினால் கசிவு கூடும், கசிவு கூடினால் இன்னும் சூடு ஏறும். இந்தச் சுழலில் மாட்டினால் கேபிள் மீளாது.

நம் கடல் இங்கேதான் முக்கியமாகிறது. டிசி கடலடிக் கேபிளின் அனுபவம் பெரும்பாலும் வடக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த கடல்களில் சேர்ந்தது. ஸ்வீடன் நாட்டில் பெருநிலத்திலிருந்து காட்லாந்து தீவுக்கு 1954-இல் போட்ட 100 கிலோவோல்ட் கேபிள் எண்ணெய்ப் பசை ஊறிய காகிதக் காப்பு. அதே காட்லாந்தில்தான் 1999-இல் 80 கிலோவோல்ட்டில் எக்ஸ்எல்பிஇ டிசி கேபிள் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. பாக் நீரிணை அந்தக் கடல் இல்லை. ஆழம் குறைவு, வருடத்தின் பெரும்பகுதி வெதுவெதுப்பான நீர். ஒரே மின்னோட்டம் ஓடினால் காப்பின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் இரண்டு கடலிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே புலம் பங்கிடப்படும் விதமும் பெரிதாக வேறுபடாது. ஆனால் காப்பு முழுவதுமே இங்கே கூடுதல் சூட்டில் இருக்கும். 10 டிகிரிக்கு 2.7 மடங்கு என்ற கணக்கில், 20 டிகிரி சூடான கடல் என்றால் கடத்துத்திறன் 7 மடங்குக்கு மேல். மின்னோட்டத்தைக் குறைத்து இதைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அது சரிதான். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்ல நம்பகமான கடத்துத்திறன் அளவு வேண்டுமே.

இனி அந்த அளவு எப்படிக் கிடைக்கிறது என்று சொல்கிறேன். இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1 மி.மீ தடிமனுள்ள தகடு. இரண்டு பக்கமும் மின்முனை, ஓரக் கசிவைப் பிரிக்க ஒரு கார்டு வளையம், எல்லாம் ஓவனுக்குள். 20 கிலோவோல்ட் கொடுத்து, வழியும் மின்னோட்டத்தை எலக்ட்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். அது பிக்கோ ஆம்பியர் கணக்கில், அதாவது ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். யாராவது கதவைச் சாத்தினால் அளவு துள்ளும். அதனால் ராத்திரியில்தான் அளப்போம். வோல்டேஜ் கொடுத்து 1 நிமிடத்தில் படித்தால் ஒரு எண் வரும். மின்தடை அளக்கும் பழைய வழக்கமே அதுதான். ஆனால் அந்த 1 நிமிடத்தில் ஓடுவதில் பெரும்பகுதி பொருளின் உள்ளே மூலக்கூறுகள் திரும்பி அமர்வதற்கான மின்னோட்டம். அது மெல்ல மெல்ல வடியும். 1 மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேறு எண். மறுநாள் காலை வந்து பார்த்தால் இன்னொரு எண், சில தகடுகளில் அப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். கேபிளுக்குத் தேவைப்படுவது கடைசியில் எஞ்சும் அந்தக் கடத்தல் மின்னோட்டம். 1 நிமிட எண்ணை அதன் இடத்தில் வைத்தால் பல மடங்கு தவறும்.

அப்புறம் தகட்டின் பிறப்பு. எக்ஸ்எல்பிஇயைப் பிணைக்கப் பெராக்சைடு சேர்க்கிறார்கள். அது சூட்டில் சிதைந்து வேலையை முடித்தபின் அசிட்டோஃபீனோன், குமைல் ஆல்கஹால், மீத்தேன் போன்ற மிச்சங்களை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. புதுத் தகடு இருக்கும் ஓவனைத் திறந்தால் இனிப்பான ஒரு வாசனை வரும், அசிட்டோஃபீனோன் வாசனை அது. இந்த மிச்சங்கள் மின்கடத்துத்திறனை மாற்றுகின்றன. ஒரே மூட்டைத் துகளிலிருந்து செய்த இரண்டு தகடுகள் என்னிடம் இருந்தன. ஒன்றைச் செய்த அன்றே அளந்தேன், மற்றொன்றைச் சில நாள் வெற்றிட ஓவனில் வைத்துவிட்டு அளந்தேன். இரண்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். தகட்டை அழுத்தும்போது இடையில் வைத்தது பாலியெஸ்டர் தாளா அலுமினியத் தாளா என்பதுகூட அளவை நகர்த்தும்.

அந்த அளவுகளை ஒரு கேபிள் ஆலைக்காக அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த எண்ணைப் போடுவது என்று கேட்டார்கள். இரண்டையும், இரண்டின் நேர வரைபடங்களையும் சேர்த்துப் போடலாம் என்றோம். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது என்றார்கள். ஒரு எண் போனது. அதில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கட்டம் இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால்தான் உங்கள் படிவத்தில் கட்டம் வரைவதற்கு முன்பே எழுதுகிறேன்.

தகட்டிலிருந்து நிஜக் கேபிளுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். 20 மி.மீ தடிமனுள்ள காப்பில் மிச்சங்கள் வெளிப்புறம் வழியாகத்தான் தப்பிக்க வேண்டும். ஆலையில் பல நாட்கள், பல வாரங்கள் 60–70 டிகிரியில் வைத்து வெளியேற்றுகிறார்கள். அவசரப்பட்டால் வெளி அடுக்கு சுத்தமாகவும் உள் அடுக்கு மிச்சத்தோடும் இருக்கும். அதன்மேல் ஈய உறை போட்டுவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேதான், வருடக்கணக்கில் மெல்ல இடம் மாறிக்கொண்டிருக்கும். ஆக மின்கடத்துத்திறன் வெப்பத்தையும் புலத்தையும் மட்டுமல்லாமல், காப்பில் எந்த இடம், கேபிளுக்கு எத்தனை வயது என்பதையும் பொறுத்தது. கரிப்பொடி கலந்த, ஓரளவு மின்சாரம் கடத்தும் செமிகான் அடுக்குகளிலிருந்து காப்புக்குள் ஊடுருவும் பொருட்களும் இதில் சேரும். வழக்கமான மாதிரிக் கணக்குகள் வெப்பத்தோடு ஏறுவதைச் சொல்லும் கிளர்வு ஆற்றல் ஒன்று, புலத்தோடு ஏறுவதைச் சொல்லும் புலக் குணகம் ஒன்று, முன்னால் ஒரு மாறிலி என்று மூன்று எண்களில் எல்லாவற்றையும் அடக்குகின்றன. அந்தச் சமன்பாட்டின்மேல் எனக்கு மரியாதை உண்டு, நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். அதற்குள் போடும் எண்கள் எந்தத் தகட்டிலிருந்து வந்தன என்பதுதான் கேள்வி.

ஜாயிண்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலத்தில் இரண்டு கேபிள் துண்டுகளை இணைக்கும் ஜாயிண்டில் காப்பின்மேல் ரப்பர் உடல் ஒன்று உட்காருகிறது. இரண்டு வேறு பொருட்கள் தொடும் எல்லையில், இரண்டின் விடுதிறனும் கடத்துத்திறனும் ஒரே விகிதத்தில் இல்லாவிட்டால் மின்னூட்டம் தேங்கும். ஒரு வெப்பநிலையில் இரண்டையும் பொருத்திவிடலாம். சூடேறும்போது இரண்டும் ஒரே சரிவில் ஏறாவிட்டால் பொருத்தம் போய்விடும். ஆகவே ரப்பருக்கும் சரிவு வேண்டும், அதே ஓவனில், அதே நேர அளவில் எடுத்ததாக வேண்டும். கடலிலோ பழுது ஜாயிண்ட் என்ற ஒன்று இருக்கிறது. பாக் நீரிணை இரண்டு கரை மீனவர்களும் பிழைக்கும் கடல், அடிமடி இழுவலை ஓடும் கடல். கேபிளைப் புதைத்தாலும் என்றைக்காவது அடிபடும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். அப்போது 15 வருடம் வேலை பார்த்த காப்பின் பக்கத்தில் புதுக் காப்பை ஒட்டுவோம். இரண்டின் கடத்துத்திறனும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரின் வகையும் இதோடு பின்னியது. பழைய தைரிஸ்டர் வகையில் மின்சாரம் போகும் திசையை மாற்ற, வோல்டேஜின் துருவத்தையே மாற்ற வேண்டும். காப்புக்குள் தேங்கிய மின்னூட்டம் அப்படியே நிற்க, வெளியே துருவம் புரண்டால் ஓரங்களில் புலம் திடீரென்று எகிறும். எக்ஸ்எல்பிஇ டிசிக்கு வரத் தாமதமானதற்கு இது ஒரு பெரிய காரணம். வோல்டேஜ் சோர்ஸ் கன்வெர்ட்டர் என்றால் துருவம் மாறாது, மின்னோட்டத்தின் திசை மட்டும் மாறும். பகலில் ஒரு பக்கம், இரவில் மறுபக்கம் என்று மின்சாரம் பரிமாறும் இணைப்புக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. நமக்கு அருகிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் இணைப்பு அந்த வகைதான், 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட், கேரளப் பகுதியில் சுமார் 30 கி.மீ நிலத்தடி எக்ஸ்எல்பிஇ கேபிள். நம் வெயிலில், நம் மண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வெப்பநிலைப் பதிவுகளும் லோடு பதிவுகளும் இலங்கை இணைப்பை வடிவமைப்பவர்கள் மேசைக்கு வர வேண்டும்.

சோதனைகள் இருக்கின்றனவே, அவை போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மின்கட்டமைப்புப் பொறியாளர்களின் உலக அமைப்பான சிக்ரே 2012-இலும் 2021-இலும் வெளியிட்ட பரிந்துரைகளை மதிக்கிறேன். பெயரளவு வோல்டேஜைப் போல 1.85 மடங்கில் வகைச் சோதனை, 1.45 மடங்கில் 360 நாள் நீடிக்கும் முன்தகுதிச் சோதனை, இவை கடினமானவை. தேறாத கேபிளை அவை நிறுத்தும். தேறிய கேபிள் எவ்வளவு இடைவெளியில் தேறியது, சூடான கடலில் அந்த இடைவெளி எவ்வளவு சுருங்கும் என்பதைச் சோதனை சொல்லாது. அதைச் சொல்ல மாதிரிக் கணக்கு வேண்டும், அதற்குச் சரியான உள்ளீடு வேண்டும்.

ஆகவே விவரக்குறிப்பில் இவற்றை எழுதுங்கள். மின்கடத்துத்திறன் அளவுகள் தகட்டில் மட்டும் இல்லாமல், வெளியேற்றம் முடிந்த நிஜக் கேபிளின் காப்பிலிருந்து, உள், நடு, வெளி என்று சீவி எடுத்த நாடாக்களிலும் எடுக்கப்பட வேண்டும். குறைந்தது மூன்று வெப்பநிலை, மூன்று புல அளவு. ஒவ்வொன்றிலும் 24 மணி நேரத்துக்குக் குறையாத மின்னோட்ட–நேரப் பதிவு, வரைபடமாக மட்டும் இல்லாமல் மூலத் தரவாகவே வேண்டும். அளந்தபோது உள்ளே எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதும் அதோடு வர வேண்டும். ஜாயிண்ட் ரப்பருக்கும் இதே அளவுகள். புலக் கணக்கை ஒற்றைச் சரிவில் போடாமல், அளவுகள் காட்டும் கீழ் எல்லையிலும் மேல் எல்லையிலும் போட்டுக் காட்ட வேண்டும். அதுவும் நிலைபெற்ற புலத்துக்கு மட்டும் போதாது, ஒரு வாரத்து நிஜ லோடு ஏற்ற இறக்கத்துக்கும் வேண்டும். தரவு வணிக ரகசியம் என்பார்கள். துகளில் என்ன கலந்தார்கள் என்பது ரகசியமாக இருக்கட்டும். நம் கடலில் 40 வருடம் கிடக்கப்போகும் பொருள் எப்படிக் கடத்துகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். விலை பேசும்போதே இதைக் கேட்டால் கொடுப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.

அளப்பதற்கு நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு நாட்டிலும் உயரழுத்த ஆய்வகம் உள்ள கல்லூரிகள் இருக்கின்றன, பிக்கோ ஆம்பியரோடு ராத்திரி முழுக்க உட்காரத் தயாரான மாணவர்கள் இருக்கிறார்கள். ஆலை தரும் எண்களைத் தனியாக ஒருமுறை அளந்து பார்க்க அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குச் செலவு மிகக் குறைவு. அனுப்பப்படும் ஒவ்வொரு கேபிள் நீளத்திலிருந்தும் 10 மீட்டர் கூடுதலாகக் கேளுங்கள். இரண்டு முனையையும் அடைத்து, பாதியை இந்தியக் கரையிலும் பாதியை இலங்கைக் கரையிலும் கன்வெர்ட்டர் நிலையத்தின் கிடங்கில் வையுங்கள். எந்த நீளத்தின் துண்டு, எப்போது வெளியேற்றம் முடிந்தது, எப்போது ஈய உறை போட்டார்கள் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். 15 வருடம் கழித்துப் பழுது ஜாயிண்ட் போட வேண்டி வரும் அன்று, கடலிலிருந்து எடுத்த துண்டையும் இந்தத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ ஒரு இளம் பொறியாளர் அளக்கட்டும்.

மிகுந்த மரியாதையுடன்,
எக்ஸ்எல்பிஇ தகடுகளோடு பல இரவுகள் விழித்திருந்த ஒரு மின்பொறியியல் ஆசிரியர்